தாய்ப்பாலும் மருந்தும்

ஓர் இல்லத்தில் மகவு பிறந்ததெனின் அவ்வில்லத்தார் எய்தும் மகிழ்ச்சி அளவிடற்கரியது. ஆயினும் அம்மகிழ்ச்சியோடு அச்சமும் உடன் புகுதலை நாம் காண்கின்றோம். "பால் போதவில்லை" என்பது ஓர் அச்சம். "குடித்த பாலைக் குழந்தை கக்கிவிடுகின்றது" என்பது மற்றோர் அச்சம். தாய் யாதேனும் நோயின் பொருட்டு மருந்துண்பவளாயின், "இவ்விரண்டிற்கும் நான் உண்ணும் மருந்தே காரணமோ?" என்னும் மூன்றாவது அச்சமும் எழுகின்றது. இம்மூன்றும் ஒருங்கு கூடியவிடத்து, அவள் பால் கொடுப்பதை நிறுத்திவிடுகின்றாள். அன்றேல், எவர்க்கும் உரையாது தன் மருந்தை நிறுத்திவிடுகின்றாள். இவ்விரு செயலும் பெரும்பாலும் வேண்டாதன. பின்னையது சில வேளை உயிர்க்கே ஊறு விளைப்பது. ஆதலின் இவ்வச்சங்களைத் தனித்தனியே எடுத்து ஆராய்வாம்.

முதற்கண் பால் சுரக்குமாற்றை நோக்குவாம். மூளையின் அடியில் பட்டாணியளவினதாய் அமைந்துள்ளது பிட்யூட்டரி என்னும் சுரப்பி. அங்கிருந்து வெளிப்படும் புரோலாக்டின் என்னும் பொருள் பாலைச் சுரப்பிக்கின்றது. ஆக்சிடோசின் என்னும் பொருள் சுரந்த பாலைக் காம்பின் வழியே வெளிச் செலுத்துகின்றது. குழந்தை மார்பைச் சுவைக்குந்தோறும் இவ்விரண்டும் பெருகும். மார்பில் பால் தேங்கி நிற்குமாயின் சுரப்பு தானே மெலியும். எனவே, தாயின் மார்பு நீர் நிறைத்து வைத்த குடம் போல்வதன்று. இறைக்குந்தோறும் ஊறும் ஊற்றுப் போல்வதாம். பால் போதாதென்றஞ்சிப் புட்டிப்பாலைத் தொடங்கியவழி, குழந்தை மார்பை நாடுவது குறையும். அது குறையவே சுரப்பும் குறையும். முன்பு பொய்யாயிருந்த அச்சம் பின்பு மெய்யாகிவிடும்.

அங்ஙனமாயின் பால் போதுமா என்பதை எங்ஙனம் அறிவது? அழுகை அதற்கு அளவுகோலன்று. குழந்தை பசித்தும் அழும், பிற காரணத்தாலும் அழும். மார்பின் பருமையும் அளவுகோலன்று. முதலில் சுரப்பது சீம்பால். அது சிறிதேயாயினும், குழந்தையின் இரைப்பையும் அக்காலத்துச் சிறிதேயாம். பால் பெருகத் தொடங்குவது பெரும்பாலும் 2 முதல் 5 நாட்களுக்குள். முதல் வாரங்களில் குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். ஐந்தாம் நாளின் பின் நாடோறும் 6 துணிகளேனும் சிறுநீரால் நனைதல் வேண்டும். பிறந்தபொழுது இருந்த எடை முதலிற் சிறிது குறைந்து, ஏறத்தாழ 2 வாரத்துள் மீளுதல் வேண்டும். நூற்றுக்குப் பத்துப் பங்கிற்கு மேல் எடை குறையின் மருத்துவரை உடனே நாடுதல் கடன்.

பால் உண்மையாகவே குறைதலும் உண்டு. குழந்தை மார்பைச் செவ்வனே பற்றாமை, பிள்ளைப்பேற்றில் மிகுந்த குருதிப் போக்கு, நஞ்சுக்கொடியின் கூறு கருப்பையுள் தங்குதல், தைராய்டுச் சுரப்பியின் சோர்வு என்பன அதன் காரணங்களுட் சில. நம் நாட்டு இல்லங்களில் பூண்டும் வெந்தயமும் பால்சுறாப் புட்டும் தாய்க்குத் தருவர். உணவாக அவை நல்லனவே. ஆயினும் குழந்தையை மார்போடு சரிவர அணைக்கும் முறைக்கு அவை ஈடாகா. நீரிழிவுக்கு மருந்துண்ணும் தாய் வெந்தயத்தை மிகுதியாக உண்பின், குருதியிலுள்ள சர்க்கரை மிகத் தாழ்தலும் கூடும்.

இனி இரண்டாம் அச்சத்தைக் காண்பாம். "கக்கின பிள்ளை தக்கும்" என்பது நம் மூதாட்டியர் வாய்மொழி. இன்றைய மருத்துவ நூலும் பெரும்பாலும் இதனை உடன்படுகின்றது. உணவுக்குழல் இரைப்பையோடு கூடுமிடத்தில் தசைவளையம் ஒன்று உண்டு. சிறு குழந்தையின்கண் அஃது இன்னும் முதிராமையால் அடிக்கடி நெகிழ்கின்றது. உணவோ முழுதும் நீர்மம். குழந்தையோ பெரும்பொழுதும் படுத்தே கிடப்பது. ஆதலின் குடித்த பால் புளிப்பு நீரோடு கலந்து மேலேறி வருகின்றது. இதனையே எதுக்களித்தல் என்கின்றோம். இஃது ஏறத்தாழ நான்காம் திங்களில் மிகுந்து, குழந்தை உட்காரவும் நிற்கவும் தொடங்கியபின் குறைந்து, ஓராண்டிற்குள் பெரும்பாலார்க்கு நீங்கிவிடும். கக்கிய பால் துணியிற் பரவுங்கால் மிகுதியாகத் தோன்றும். உண்மையில் அது சிறிதளவாகவே இருத்தல் கூடும். அதுகண்டு தாய் தன் பால் முழுதும் வீணாயிற்றென்று மனமுடைதல் வேண்டா.

ஆயினும் மூதாட்டியர் மொழிக்கும் எல்லையுண்டு. கக்குவது பச்சை நிறமாதல், குருதி கலந்திருத்தல், பிறந்து சில வாரங்களில் பால் விசையோடு பீறிட்டுப் பாய்தல், எடை ஏறாமை, பால் குடிக்க மறுத்தல், மூச்சுத் திணறல், காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று காணினும் காலந்தாழ்த்தலாகாது. இவை இல்லாத, நன்கு வளரும் குழந்தைக்குப் புளிப்பை அடக்கும் மருந்து வேண்டுவதில்லை. கக்குதல் ஒன்றனுக்காகவே அம்மருந்துகளை வழங்கலாகாதென்று இங்கிலாந்து நாட்டு நைஸ் என்னும் மருத்துவ நெறிக்குழு 2015-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. சிறிது சிறிதாகப் பலமுறை ஊட்டுதலும், ஊட்டியபின் அரைமணி நேரம் தோளில் நிமிர்த்தி வைத்திருத்தலும் நலம். உறங்கும்பொழுது குழந்தையை மல்லாத்தியே கிடத்தல் வேண்டும். கக்கும் என்றஞ்சிக் குப்புறக் கிடத்துவது பெருந்தீங்கிற்கு இடனாகும்.

மூன்றாவது மருந்து. தாய் உண்ணும் மருந்துகளுட் சில சுரப்பைக் குறைப்பனவே. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகள் அத்தகையன. மூக்கடைப்பிற்கு உண்ணும் சூடோஎபெட்ரின் மற்றொன்று. 2003-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவினின்றும் வெளிவந்த ஆராய்ச்சியொன்றில் தாய்மார் எண்மர்க்கு அம்மருந்து 60 மில்லிகிராம் ஒரே முறை தரப்பட்டது. ஒரு நாட்பால் ஏறத்தாழ 24 விழுக்காடு குறைந்தது. சளிக்கென்று கடையில் தாமே வாங்கும் மாத்திரையும் ஆராய்ந்து உண்ணற்பாலது என்பது இதனால் விளங்கும்.

சுரப்பை மிகுப்பதாகக் கொள்ளப்படும் மருந்தும் உண்டு. டாம்பெரிடோன் என்பது வாந்தியைத் தடுக்க எழுந்தது. புரோலாக்டினைப் பெருக்குதலின் பால் மிகுதற்பொருட்டும் வழங்கலாயிற்று. இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடுமென்பது பற்றி அமெரிக்க அரசு 2004-ஆம் ஆண்டில் இப்பயனுக்கு எதிராக எச்சரித்தது; ஐரோப்பிய மருந்துக் குழு 2014-ஆம் ஆண்டில் குமட்டலுக்கும் வாந்திக்கும் மட்டுமே இதனை வரையறுத்தது. அண்டை வீட்டார் சொற்கேட்டு உண்ணத்தக்க பொருள் இதுவன்று.

இவையொழிந்த மருந்துகளுட் பெரும்பாலன பாலில் மிகச் சிறிதளவே கலக்கின்றன. தாயின் உடலெடைக்கு ஏற்ற அளவோடு ஒப்பிட, குழந்தையின் எடைக்கு 10 விழுக்காட்டிற்குக் குறைவாகச் சேரும் மருந்தைப் பொதுவாக ஏற்கத்தக்கதென மருத்துவர் கொள்வர். புற்றுநோய் மருந்துகள், கதிர்வீசும் அயோடின் போல்வன விலக்கு. எனவே கேட்டறிதல் வேண்டும். அஞ்சி நிறுத்தல் தகாது.

ஓரில்லத்தை எண்ணிப் பார்ப்பாம். தைராய்டுச் சோர்வுக்கு மாத்திரை உண்ணும் தாயொருத்தி, குழந்தை கக்குவது கண்டு தன் மாத்திரையை மறைவாக நிறுத்துகின்றாள். அவளது நோய் மீள்கின்றது, உடல் தளர்கின்றது, அந்நோயே பாலையும் குறைக்கின்றது. குழந்தையின் பொருட்டு விட்ட மருந்தால் குழந்தையே இழப்பெய்துகின்றது. வலிப்பு நோயுடையாள் மருந்தை விடின், குழந்தையைக் கையிலேந்தியபொழுதே வலிப்பு வரலாம். மனச்சோர்வுக்கு மருந்துண்பவள் திடீரென நிறுத்துவளாயின், அவளையும் குழந்தையையும் ஒருங்கே இழத்தற்கும் இடமுண்டு. காசநோய்க்கு மருந்துண்ணும் தாயும், மருத்துவர் கூறும் காப்போடு, தன் மகவுக்குப் பாலூட்டலாம். தன்னைக் காத்தல் தன்னலமன்று. அதுவே மகவைக் காத்தற்கு முதற்படி.

ஆகவே தாய் செய்யத்தக்கன மூன்று: தான் உண்ணும் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி மருத்துவரிடம் காட்டுதல், இம்மருந்தோடு பாலூட்டலாமா, ஆகாதெனின் வேறு மருந்துண்டா என வினவுதல், குழந்தையின் எடையையும் நனைந்த துணிகளையும் குறித்து வைத்தல்.

இதனைப் படிக்கும் மாணவருட் பலர் நாளை தந்தையராவர். இன்றே தமையன்மாராயிருப்போரும் உளர். "உனக்குப் பால் இல்லை" என்று ஒருவர் எளிதிற் கூறும் சொல், இரவெல்லாம் உறங்காத தாயின் நெஞ்சில் தைத்து நிற்கும். அச்சொல்லைத் தவிர்த்து, கக்கிய துணியை நாமே துவைத்துத் தருவோமாயின், ஆயிரம் அறிவுரையினும் அது மேலாம். அவளை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, அவள் கேட்க நாணும் வினாவை அவளுக்காகக் கேட்டலும் நம் கடனாம்.