பிளவு அண்ணச் சிகிச்சையும் மயக்க மருந்தும்: முதல் இரவின் கவனம்



மேலண்ணம் பிளந்து பிறக்கும் குழந்தைக்குப் பால் மூக்கு வழியே வரும். வளர்ந்தபின் சொல்லும் தெளிவாக வராது. 1819ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ரூ என்ற அறுவை மருத்துவர், ஜான் ஸ்டீபன்சன் என்னும் மருத்துவ மாணவரின் பிளந்த மென்னண்ணத்தை மயக்க மருந்து இல்லாமலே தைத்தார். வளர்ந்தவர் வலியைப் பொறுத்துக்கொண்டார். குழந்தையால் ஆகுமா? 1846இல் ஈதர் மயக்கம் உலகறிய வந்த பிறகே அதற்கு வழி பிறந்தது.

இன்று அண்ணத்தைத் தைத்த பிறகும் சில பிள்ளைகள் மூக்கால் பேசுவதுண்டு. அவர்களுக்குத் தொண்டையின் பின்சுவரிலிருந்து சதையை எடுத்து மென்னண்ணத்துடன் இணைப்பர். பேச்சு திருந்தும், ஆனால் மூச்சு போகும் வழியும் அதுவே. வீக்கமும் இரத்தக் கசிவும் சேர்ந்தால் வழி குறுகும். ஆகையால் முதல் நாளே கண்டம் மிகுந்தது.

எந்த மருந்து?

செவோஃப்ளுரேன் வாயுவை முகமூடி வழியே கொடுக்கலாம். ஊசி பயமில்லை, மயக்கமும் விரைவில் தெளியும். ஆயினும் விழிக்கும் வேளையில் சில பிள்ளைகள் அழுது திமிறுவர். புதுத் தையலில் இரத்தம் கசியலாம். ஊசி வழி செலுத்தும் புரொபோஃபாலில் இந்தத் திமிறலும் வாந்தியும் குறைவு.

மார்ஃபின் இன மருந்துகள் வலியை நன்கு அடக்கும், மூச்சையும் மந்தமாக்கும். குறுகிய தொண்டைக்கு அது ஆபத்து. எனவே மேல்தாடை நரம்பருகே மரப்பூசி போட்டு, பாராசிட்டமாலும் கொடுத்து அவற்றின் அளவைக் குறைக்கின்றனர். 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கோடீன் கூடாதென 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அறிவித்தது.

எல்லாக் குழந்தைக்கும் ஒரே மருந்து பொருந்தாது. தாடை சிறுத்த பிள்ளைக்கு ஒரு முறை, சளி பிடித்த பிள்ளைக்கு வேறு முறை. எதுவாயினும், நன்றாக விழித்த பிறகு மூச்சுக் குழாயை எடுப்பதே இதில் பாதுகாப்பு.

பெற்றோர் கவனத்திற்கு

சளி, குறட்டை, தூக்கத்தில் மூச்சு நிற்பது, உறவினர் எவருக்கேனும் மயக்க மருந்தால் நேர்ந்த தொல்லை ஆகியவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். திட உணவை 6 மணி நேரத்திற்கு முன்பும், தாய்ப்பாலை 4 மணி நேரத்திற்கு முன்பும் நிறுத்துவது பொது வழக்கம். மருத்துவமனை சொல்லும் நேரமே முடிவானது. பாட்டி பாசத்தால் ஊட்டும் ஒரு வாய் பாலும் மயக்கத்தில் நுரையீரலுக்குள் போகக்கூடும். சிகிச்சைக்குப் பின் பிள்ளை அடிக்கடி விழுங்கினால் இரத்தம் கசிகிறது எனக் கொள்ளலாம். நெஞ்சு உள்வாங்கினாலோ உதடு நீலமானாலோ உடனே தாதியை அழையுங்கள்.

கொடையாளர்களுக்கு

காஹாங்கிலிருந்து குளுவாங் வழியாக ஜொகூர் பாருவின் பெரிய மருத்துவமனைக்குப் போகும் ஏழைக் குடும்பத்திற்குப் பயணச் செலவோடு கவலை தீர்வதில்லை. தாய் அந்த இரவு பிள்ளையின் அருகில் இருக்க வேண்டும். தந்தைக்குத் தங்க இடமும் உணவும் வேண்டும். சிகிச்சைக்குக் கொடுக்கும் கரங்கள் அந்த முதல் இரவையும் நினைவில் கொண்டால், கொடை முழுமை பெறும்.