கிணற்றில் தொங்குபவனும் தேன்துளியும்

அன்புள்ள இளைய கட்டுரையாளருக்கு,

வாழ்க்கைக்குப் பொருள் உண்டா என்று வினவும் கட்டுரையில், டால்ஸ்டாய் தம் ‘வாக்குமூலம்’ நூலில் எடுத்தாளும் கிணற்றுக் கதை ‘ருஷ்ய நாட்டு உவமை’ எனக் குறிக்கப்பட்டிருப்பது எளிதில் பொறுக்கக்கூடிய பிழையன்று. கிணற்றுக்குள் ஒருவன் தொங்குவதும், அடியில் பாம்பு காத்திருப்பதும், இரவையும் பகலையும் குறிக்கும் கருப்பு, வெள்ளை எலிகள் அவனுடைய பற்றுக்கோட்டைக் கொறிப்பதும், அந்நிலையிலும் அவன் சொட்டும் தேனைச் சுவைப்பதும், மக்களை இழந்த திருதராட்டிரனுக்கு விதுரன் மகாபாரதத்தின் ஸ்திரீ பருவத்தில் சொல்லும் கதையாகும். பல மொழிகளைக் கடந்து, பர்லாம், யோசபாத் என்னும் கிறித்தவத் துறவியர் கதையின் வழியே அது ஐரோப்பாவை அடைந்தது. டால்ஸ்டாயே அதைக் கீழ்த்திசைக் கதை என்றுதான் குறிப்பிடுகிறார்.

பிழை பிறப்பிடத்தோடு நிற்கவில்லை. இத்தனை இடர்களுக்கு நடுவிலும் மனிதன் உயிராசையை விடவில்லையே என்பது விதுரனின் வியப்பு. குடும்பப் பற்று, எழுத்துப் பற்று ஆகிய இரு துளிகளும் இனிக்காமற் போயின என்பது டால்ஸ்டாயின் துயரம். ‘அன்னா கரேனினா’ நூலாக வெளிவந்த 1878ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஐம்பது வயதும் உலகப் புகழும் எய்திய அம்மனிதர், தூக்கிட்டுக்கொள்ளத் தோன்றிவிடுமோ என்றஞ்சித் தம் அறையிலிருந்த கயிற்றை ஒளித்துவைத்தார். துப்பாக்கியுடன் வேட்டைக்குச் செல்வதையும் நிறுத்தினார். கட்டுரையில் அந்தக் கயிறு இல்லை. காம்யூ, சார்த்தர், ஃபிராங்கல் ஆகிய சிந்தனையாளர்களின் பெயர்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. பெயர்களை அடுக்குவதைச் சிந்தனை எனக் கொள்ளும் இவ்வழக்கம் தமிழ்க் கட்டுரையை நெடுங்காலமாகக் கெடுத்துவருகிறது.

மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் அச்சிட்ட தமிழ் நூல்கள் மலிவாகக் கிடைத்த காலத்தில் வளர்ந்த தலைமுறை, மெய்யியல் நூல் எதையும் தொடாமலே ருஷ்யக் கதைகளின் வழியாக வாழ்க்கைக்குப் பொருள் உண்டா என்னும் வினாவை எதிர்கொண்டது. அத்தலைமுறைக்கு ‘வாக்குமூலம்’ தந்ததைவிட, 1886இல் வெளிவந்த டால்ஸ்டாயின் ‘இவான் இலியீச்சின் மரணம்’ தந்த விடையே பெரிது. மரணப் படுக்கையில் கிடக்கும் நீதிபதியிடம் மனைவியும் மருத்துவர்களும் நோய் தீரும் எனப் பொய்யுரைக்க, பணியாளனான கெராசிம் என்னும் குடியானவ இளைஞன் மட்டும் பொய் சொல்லாமல், வலி தணியும் பொருட்டு அவருடைய கால்களைத் தன் தோள்மீது தாங்கியபடி இரவெல்லாம் அமர்ந்திருக்கிறான். வாழ்வின் நோக்கம் யாது என்று அவன் எவரையும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய நிலையிலும் அவன் இல்லை.

இவ்வளவு கடிந்துரைப்பதற்குக் காரணம், கட்டுரையின் ஐந்தாம் பத்தியில் மூன்றே வரிகளில் வந்துபோகும் அரசு மருத்துவமனை இரவுப் பணிப்பெண். படுக்கைப்புண் வராதிருக்க நினைவிழந்த முதியவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்து, ஒவ்வொரு முறையும் உறவுமுறை சொல்லி அழைத்து, “திரும்பப் போறோம்” என்று அவரிடம் தெரிவித்துவிட்டே தொடும் அந்தப் பெண்ணைக் கண்டெழுதிய கண், கெராசிமைக் கண்ட கண்ணுக்கு உறவுடையது. இவ்வயதில் இத்தகைய மூன்று வரிகளை எழுதியவர் தமிழில் மிகச் சிலர். மெய்யியலாளர் அனைவரையும் நீக்கிவிட்டு, அப்பெண்ணின் ஓரிரவை மாலை முதல் விடியும் வரை முழுமையாக எழுதியனுப்புமாறு கட்டுரையாளர் அன்புடன் வேண்டப்படுகிறார்.