அந்தத் தாளில் கையெழுத்து வேண்டாம்

அன்புள்ள பிள்ளைக்கு,

நீ போனில் சொன்னதைக் கேட்டபிறகு எனக்கு நித்திரை இல்லை. காணியைப் பறிகொடுத்த அந்தத் தாயோடு தனிய மயிலிட்டிக்குப் போய், அவளின் மச்சான்காரன் அடைச்ச வேலியடியில் நின்று கதைச்சாயாம். திரும்பும்போது மல்லாகம் வரை ஒரு மோட்டார் சைக்கிள் பின்னால் வந்ததாம். இதைச் சிரிச்சுக்கொண்டு சொல்கிறாய்! இனி ஆள் துணையில்லாமல் போகாதே. அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

சரி, நீ கேட்டதற்கு வாறன். மச்சான்காரன் அந்தக் காணியில் இரண்டு பரப்பு விடுவானாம். அவள் பொலிஸ் முறைப்பாட்டை வாபஸ் வாங்கி, மிச்சத்தில் தனக்குப் பாத்தியதை இல்லை என்று எழுதிக் கொடுக்கவேணுமாம். இரண்டு பரப்பு இருந்தால் வீட்டுத்திட்டத்துக்குப் பெயர் கொடுக்கலாம், மகளுக்கு ஓ.எல். சோதனை வருகுது, வாடகை அறையில் எத்தனை நாள் என்கிறாய். நியாயம்தான். முடிவு அவளுடையது, நானோ நீயோ சொல்லேலாது. ஆனால் அது அவளுடைய சீதனக் காணி. 1990 ஆனியில் ஊரை விட்டு ஓடி, முகாமில் இருந்துகொண்டு, உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்த காணியை அவளின் தாய் அவளுக்கு உறுதி எழுதினவ. அதில் இரண்டு பரப்பு தானம் பண்ண இவன் ஆர்?

2017இல் காணி விடுபட்ட கையோடு வேலி போட்டான். புருசன் காணாமற்போன பெண் என்று இரவில் கதவு தட்டினான், அடிச்சான், குமர்ப்பிள்ளையோடு அவளை வெளியேற்றினான். பத்து வருஷம் தடையில்லாமல் ஆண்டுவிட்டால் ஆட்சியுரிமை என்று கோட்டில் நிற்பான். 2027 எவ்வளவு தூரம்? இடம்பெயர்ந்தவர்களுக்கென்று 2016இல் வந்த விசேட சட்டம் 1983 தொடக்கம் 2009 வரையான காலத்தைத்தான் கழிச்சது. வழக்குப் போட அது தந்த அவகாசமும் இரண்டே வருஷம். அதை நம்பி இருக்கேலாது.

கொக்குவில் மாமிக்கு நடந்தது உனக்குத் தெரியும். குடும்ப மானம், குடும்ப மானம் என்று சுற்றி இருந்து தேத்தண்ணி கொடுத்தார்கள். பெரியையா பேனை மூடியைத் தானே கழற்றிக் கையில் வைச்சார். மாமி வாசிக்கக்கூட இல்லை, கையெழுத்து வைச்சு வளவைக் கொடுத்தவ. கடைசிவரை மகன் வீட்டு விறாந்தையில்தான் கிடந்தவ. அந்த வளவில் இப்ப மாடிவீடு நிற்குது. எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். சமாதானம் என்று வாற ஆம்பிளையளின் தாளைக் கண்டாலே எனக்குப் பிடிக்காது, அதையும் ஒளிக்கவில்லை.

காணிப் பதிவகத்தில் உறுதியின் பிரதி எடுங்கோ. சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கோ, காசு கேட்கமாட்டார்கள். அடி உதைக்கு 2005ஆம் ஆண்டு வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்குது. புருசனின் சகோதரனும் அதற்குள் வருவான், நீதவான் 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை போடலாம். காணிக் கதையையும் முறைப்பாட்டையும் ஒரே தாளில் முடிச்சுப் போட விடாதே. வீடு பிறகு கட்டலாம்.

நிறையப் பேசிப்போட்டன் என்ன? கோவிக்காதே குஞ்சு. எங்கட பரம்பரையில் ஒருத்தருக்கும் இல்லாத நெஞ்சு உனக்கு. பினாட்டும் ஒடியல் மாவும் பஸ்ஸில் அனுப்புறன், பாதி அந்தத் தாய்க்கும் மகளுக்கும். மகளைச் சனிக்கிழமைகளில் இங்கே கூட்டி வா, கணக்குப் பாடம் நான் சொல்லிக் கொடுக்கிறன். மத்தியானம் மீன்குழம்பு, நீயும் நில்.

உன்,
பெரியம்மா