சுகருக்குத் தனி அடுப்பு வேண்டாம், தங்கச்சி

தங்கச்சி, உன் மாமியாருக்குச் சுகர், மாப்பிள்ளைக்கு பிரஷர் என்று தெரிந்ததிலிருந்து உன் அடுப்படியில் மூன்று விதமாகச் சமையல் நடக்கிறதாமே. அத்தைக்குக் கஞ்சி, மாப்பிள்ளைக்கு உப்பில்லாக் குழம்பு, பிள்ளைகளுக்கு வழக்கமான சாப்பாடு. முதலில் இதை நிறுத்து. தனிச் சமையல் எந்த வீட்டிலும் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்காது. சமைக்கிற உனக்கு அலுத்துப்போகும். எல்லோரும் சாம்பார் சாதம் சாப்பிடும்போது கஞ்சிக் கிண்ணத்தோடு உட்காருகிற அத்தைக்கோ மனசே விட்டுப்போகும். வீட்டுக்கு ஒரே சமையல் போதும். அது அத்தைக்கு ஏற்ற சமையலாக இருக்கட்டும்.

சின்னப் பிள்ளைகளை எதற்கு இதில் இழுக்கிறாய் என்று கேட்பாய். சுகர் குடும்ப வழியில் தொடரும் நோய் என்பதால்தான். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சுகர் வரும் விளிம்பில் நின்ற 531 பேரைச் சேர்த்து, மூன்றாண்டு கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கம்போல் இருந்தவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சுகர் வந்துவிட்டது. சாப்பாட்டைத் திருத்திக்கொண்டு தினமும் நடந்தவர்களில் அது 39 பேராகக் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் கொடுத்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே பலன்தான். நம்மைப் போல இட்லியும் சோறும் சாப்பிடுகிற ஊர்க்காரர்களிடம் கண்ட முடிவு இது. உன் பிள்ளைகளுக்கு இப்போதே இந்தச் சாப்பாடு பழகினால் நல்லதுதானே?

காய்கறிக்கு நீ எங்கும் அலைய வேண்டாம், உங்கள் திருச்சி தென்னூரிலேயே உழவர் சந்தை இருக்கிறது. காலையில் போனால் கீரை, அவரை, கொத்தவரை, புடலை, வாழைப்பூ எல்லாம் பசுமையாகக் கிடைக்கும். காவிரிக் கரையில் வாழைத்தண்டுக்குப் பஞ்சமா? வட்டமாக நறுக்கும்போதே நாரை விரலில் சுற்றி எடுத்துவிடு. பிறகு பொடியாக அரிந்து மோர் கலந்த தண்ணீரில் போட்டால் கறுக்காது. ஊறவைத்த பாசிப்பருப்பு ஒரு கைப்பிடி சேர்த்து, எண்ணெயைக் கையடக்கி, பொரியலாகச் செய்.

பரிமாறும்போதுதான் உன் சாமர்த்தியம் இருக்கிறது. தட்டில் பாதி காய், கீரை. கால்பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன் இவற்றில் ஏதாவது. மீதிக் கால்பங்குதான் சோறு. காயையும் பருப்பையும் முதலில் சாப்பிடச் சொல், சோற்றைக் கடைசியில் போடு. அதே சாப்பாட்டை இந்த வரிசையில் சாப்பிட்டாலே ரத்தத்தில் சர்க்கரை அவ்வளவு வேகமாக ஏறாது. கை கழுவியதும் டிவி முன்னால் உட்காராமல், தெருவிலோ மொட்டைமாடியிலோ பத்துப் பதினைந்து நிமிடம் நடக்கட்டும். வெறும் வயிற்றில் நடப்பதைவிட, சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரைக்கு இதுதான் நல்ல கடிவாளம்.

கேழ்வரகு, கம்பு என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று நினைக்காதே. மாவாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் அதுவும் சுகரைச் சட்டென்று ஏற்றும். நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் அப்படித்தான். நல்ல பொருள்தான், ஆனால் சுகர்காரருக்கு அதுவும் சர்க்கரைதான்.

மாப்பிள்ளை பிரஷருக்கு உப்பைப் பார். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். டீஸ்பூனில் தலைதட்டி ஒன்று. நாலு பேர் வீட்டுக்கு மாதம் 600 கிராம். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு, கடை மிக்சர் எல்லாவற்றிலும் இருக்கிற உப்பு அதற்குள் அடக்கம். உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கிற தேதியை அதன்மேலேயே எழுதி வை. ஒரு கிலோ ஒரே மாதத்தில் தீர்ந்தால் கை மீறிவிட்டது என்று அர்த்தம். சோற்றில் உப்புப் போடுவதை இன்றைக்கே விட்டுவிடலாம். சோடியம் குறைத்த உப்பு என்று விற்பதை மட்டும் டாக்டரைக் கேட்காமல் வாங்காதே. அதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அது ஆபத்து.

இன்னொன்று, விரதம். வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் போகிற அத்தை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருப்பார். உங்கள் தெருவில் ரமலான் நோன்பு பிடிக்கிற அக்காமாரில் சுகர் உள்ளவர்களும் இருப்பார்கள். பக்தியைத் தடுக்கச் சொல்லவில்லை. சில வாரம் முன்பே டாக்டரிடம் சொல்லி, மாத்திரையையோ இன்சுலினையோ எப்படி மாற்றுவது, விரதம் இருக்கலாமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வழக்கமான மாத்திரையைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். கை நடுக்கம், படபடப்பு, குப்பென்று வியர்வை என்றால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடு. அந்த நேரத்தில் விரதம் பார்க்காதே.

கோயிலுக்குப் போகும்போது பாதத்தையும் கவனி. நாள்பட்ட சுகரில் கால் மரத்துப்போகும். மதிய வெயிலில் பிரகாரக் கல் சுடுவதே அத்தைக்குத் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். காலையில் சீக்கிரமோ, வெயில் தாழ்ந்தோ கூட்டிப் போ. இரவு படுக்குமுன் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் விளக்கு வெளிச்சத்தில் நீயே பார். சின்னப் புண்ணாக இருந்தாலும் கைவைத்தியம் வேண்டாம்.

இவ்வளவு செய்கிறோமே, மாத்திரையை நிறுத்திப் பார்ப்போமா என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. எண்கள் இறங்கினால் மாத்திரையைக் குறைக்க வேண்டியவர் டாக்டர். செலவு பயம் இருந்தால் புத்தூர் அரசு ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீடு தேடியே வருகின்றன. உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கே சுகர் இருக்கும்போது அவர் பிரஷரோடு நின்றுவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. கடைசி மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை ஒன்று இருக்கிறது. இந்த வாரமே அவரைக் கூட்டிப் போய் ரத்தம் கொடுக்க வை, நீயும் கூடவே கொடுத்துவிட்டு வா.