ஒரு மில்லிமீட்டர் தப்பினால் என்ன? – கேரம் போர்டில் மோதல் இயற்பியல்

முதல் வருஷ மெக்கானிக்ஸ்ல 'நேர் மைய மோதல்' கணக்குன்னா நம்மில் பாதிப் பேர் சாய்ஸ்ல விட்டுடுவோம். ஆனா சாயங்காலம் ராயபுரம், வியாசர்பாடி தெருவிளக்குக்குக் கீழே அதே கணக்கை விரலால் போடுறாங்க. 2008-ல் உலக சாம்பியன் ஆன இளவழகி வியாசர்பாடிக்காரர். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமா புதுவண்ணாரப்பேட்டை. ஆகவே பாடத்தை போர்டிலேயே படிப்போம்.

நேர் அடி

ஸ்ட்ரைக்கர் 15 கிராம், காய் 5 கிராம் என்று வைப்போம். மீட்சியளிப்பு குணகம் 0.8 என எடுத்துக்கொள்வோம். உந்த அழிவின்மை விதியைப் போட்டால், காய் ஸ்ட்ரைக்கரின் வேகத்தைப்போல் 1.35 மடங்கில் பாயும். ஸ்ட்ரைக்கர் நிற்காது, 0.55 மடங்கு வேகத்தில் பின்னாடியே போகும். சரிபார்க்க: 15 × 0.55 + 5 × 1.35 = 15.

கோல்ஃபிலும் இதே கதைதான். சுமார் 200 கிராம் மட்டைத் தலை 46 கிராம் பந்தை அடிக்க, பந்து மட்டையைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேகத்தில் கிளம்புகிறது. கனமானது இலேசானதை அடித்தால் இலேசானது முந்தும், கனமானது தொடரும்.

ஏன் ஃபவுல் ஆகுது?

காயோட ஸ்ட்ரைக்கரும் பாக்கெட்டுக்குள்ள விழுந்து தலையில கை வச்சிருக்கீங்களா? காரணம் அந்த 0.55. உராய்வில் சறுக்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1.35-ஐ 0.55-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் சுமார் 6. அதாவது காய் 60 செ.மீ. போய் நிற்கும் அளவுக்கு அடித்தால், ஸ்ட்ரைக்கர் 10 செ.மீ.யில் நின்றுவிடும். அதைவிட இரண்டரை மடங்கு வேகமா அடிச்சா ஸ்ட்ரைக்கரும் 60 செ.மீ. தாண்டும். பலம் காட்டினா ஃபவுல், அவ்வளவுதான்.

கட் அடி

தொடும் நேரத்தில் இரு மையங்களையும் இணைக்கும் கோட்டில்தான் காய் போகும். பவுடர் போட்ட வழவழப்பால் பக்கவாட்டு உராய்வு குறைவு. மையங்களுக்கு இடையே சுமார் 36 மி.மீ. நேர் அடியில் 1 மி.மீ. தப்பினால் திசை 1.6 டிகிரி மாறும், 60 செ.மீ. தள்ளி அது சுமார் 1.7 செ.மீ. விலகல். 2 மி.மீ. தப்பினால் 3 செ.மீ.க்கு மேல். பாக்கெட்டின் ஆரமே சுமார் 2.2 செ.மீ.தான். அப்புறம் எங்கே விழும்?

செய்து பாருங்கள்

ஹாஸ்டல் போர்டில் ஒரு காயை நேராக, மெதுவாக அடியுங்கள். காய் போன தூரத்தையும் ஸ்ட்ரைக்கர் போன தூரத்தையும் ஸ்கேலால் அளந்து வகுங்கள். 6 வரவில்லையா? நாம் 0.8 என்று வைத்தது உங்கள் காய்க்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். விடையிலிருந்து பின்னோக்கிப் போய் உங்கள் போர்டின் குணகத்தை நீங்களே கண்டுபிடிங்க. அடுத்த செமஸ்டர்ல அந்தக் கேள்வியை சாய்ஸ்ல விட மனசு வராது.