இங்கே மழை விட்டுவிட்டதே, இனி என்ன?

மட்டக்குளியில் கங்கைக்கரைச் சனம் வானத்தைப் பார்த்துத்தான் வெள்ளத்தைக் கணக்குப் போடும். மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தால், கட்டிலுக்கு மேல் ஏற்றிய அரிசி மூட்டையும் பிள்ளைகளின் கொப்பிகளும் கீழே இறங்கிவிடும். இங்கே மழை விட்டால் வெள்ளமும் வராது என்ற இந்த நம்பிக்கை மிக ஆபத்தானது.

களனி கங்கை சிவனொளிபாத மலைப்பக்கம் பிறந்து, சுமார் 145 கிலோமீற்றர் ஓடி, நம்முடைய இடத்தில்தான் கடலில் விழுகிறது. நோர்வூட்டிலும் கித்துல்கலவிலும் கொட்டிய மழை ஹங்வெல்ல, கடுவெல என்று இறங்கி நம்மிடம் வரும்போது அங்கே மழை ஓய்ந்தே போயிருக்கும். 2025 நவம்பரில் டிட்வா புயலின்போது அதுதான் நடந்தது. புயல் நாட்டை விட்டு நகர்ந்துவிட்டது என்று மூச்சு விட்ட நேரத்தில், 30ஆம் திகதி, மேலிருந்து வந்த தண்ணீரால் கொழும்பின் வடக்குப் பக்கத் தாழ்நிலங்கள் மூழ்கின. அந்தப் பேரிடரில் நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஆகவே நாம் பார்க்க வேண்டியது வானத்தையல்ல, நாகலகம் வீதியில் கங்கையின் நீர்மட்டமானியை. அங்கே 5 அடியைத் தாண்டினால் சிறுவெள்ளம், 7 அடியைத் தாண்டினால் பெருவெள்ளம். நீர்ப்பாசனத் திணைக்களம் இந்த அளவை அறிவிக்கிறது. ஹங்வெல்லவில் ஏறுகிறது என்று கேள்விப்பட்டாலே அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிவிடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

வாசலில் மணல் மூட்டை அடுக்கினால் போதும் என்பது இன்னொரு நம்பிக்கை. கங்கை உயர்ந்தால் கான் தண்ணீர் போக வழியில்லாமல் திரும்பும். வாசல் காய்ந்து கிடக்க, குளியலறைக் குழியால் கறுப்புத் தண்ணீர் குமிழியிட்டு ஏறும். அந்தக் குமிழியைக் கண்டதும் செய்ய வேண்டிய முதல் வேலை, கால் நனையுமுன் மெயின் சுவிட்சை இறக்குவது. தண்ணீரில் நின்றுகொண்டு அதைத் தொடவே கூடாது.

"முழங்கால் அளவுதானே, ஆட்டோ போகும்" என்பார்கள். ஓடும் தண்ணீர் அரையடி இருந்தாலே வளர்ந்த ஆளின் காலை வாரிவிடும், ஓரடி இருந்தால் சிறிய காரையே நகர்த்தும். கலங்கிய தண்ணீருக்கு அடியில் கான் மூடி இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. எலிக்காய்ச்சலும் அந்தத் தண்ணீரில்தான் வரும். காலில் புண் இருப்பவர்கள் இறங்கவே வேண்டாம்.

மழையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடும் பிழையை மின்னலிலும் செய்கிறோம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் இடிமுழக்கம் கூடும். காக்கைத்தீவுக் கடற்கரையில் பந்தடிக்கும் பிள்ளைகள், தூறல் விழவில்லையே என்று நிற்பார்கள். மழை பெய்யும் இடத்திலிருந்து 10 கிலோமீற்றருக்கு அப்பாலும் மின்னல் விழும். இடிச்சத்தம் காதில் விழுந்தாலே நீங்கள் அதன் எல்லைக்குள் இருக்கிறீர்கள். உடனே வீட்டுக்குள் வாருங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே போகாதீர்கள். மரத்தடியும் தகரக் கொட்டிலும் ஒதுங்குமிடமல்ல, ரப்பர் செருப்பும் காக்காது. அம்மம்மா சொல்லித்தந்த "அர்ச்சுனா, அர்ச்சுனா"வைச் சொல்லுங்கள், அதில் குற்றமில்லை. ஆனால் ஜன்னலையும் குழாயையும் விட்டு விலகி நின்று சொல்லுங்கள். கைபேசி மின்னலை இழுக்காது. சார்ஜரில் செருகியபடி பேசுவதுதான் ஆபத்து.

உயிரையே பறிக்கிற நம்பிக்கை ஒன்று உண்டு. மின்னல் பட்டவரைத் தொட்டால் நமக்கும் கரண்ட் அடிக்கும் என்று சனம் சுற்றி நின்று பார்க்கும். அந்த உடம்பில் கரண்ட் தங்குவதில்லை. மின்னல் பட்டவர் பெரும்பாலும் இதயம் நின்றுதான் சாகிறார், அந்த முதல் சில நிமிடங்கள்தான் அவருக்கு மிச்சமிருப்பவை. ஒருவர் அம்புலன்ஸுக்கு 1990ஐ அழைக்கட்டும். மற்றவர் மின்னல் பட்டவரை மல்லாக்கப் படுக்கவைத்து, மூச்சு இல்லையென்றால், நடு நெஞ்சில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, அம்புலன்ஸ் வரும்வரை விடாமல் அழுத்தட்டும்.