சிக்னல் இல்லாத கடலில் புயல் செய்தி

எளாவூருக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி. அதற்கப்பால் வங்கக் கடல். கரையிலிருந்து 10-12 கி.மீ. தாண்டினால் செல்போனில் சிக்னல் கிடைக்காது. 2017-ல் ஒக்கி புயலின்போது ஆழ்கடலில் இருந்த மீனவர்களுக்கு எச்சரிக்கையைக் கொண்டு சேர்க்க முடியாமல் போனது.

இக்குறையைப் போக்க 2019 அக்டோபரில் ‘ஜெமினி’ என்ற கருவி அறிமுகமானது. ககன் செயற்கைக்கோள் வழியே வரும் எச்சரிக்கையை இது பெற்று, புளூடூத் மூலம் உங்கள் செல்போனுக்கு அனுப்பும். இதற்கான அப்ளிகேஷனைக் கரையிலேயே நிறுவிக்கொள்ளுங்கள். செய்தியைத் தமிழிலேயே படிக்கலாம்.

ஆனால் ஜெமினி வானொலிப் பெட்டி போன்றது. செய்தியைப் பெறலாம், பதில் அனுப்ப இயலாது. 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட திட்டத்தில் 1 லட்சம் படகுகளுக்கான டிரான்ஸ்பாண்டர்கள் இருவழித் தொடர்பு கொண்டவை. ஆபத்தில் உதவி கேட்கவும் இவை பயன்படும். உங்கள் படகில் இருப்பது எது என்று புறப்படும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.